பட்டியலில் மூன்று வரி: வீடுடைப்புத் தண்டனை பற்றிய குறிப்புகள், மட்டக்களப்பு

மார்ச் 4
வீடுடைப்பு வழக்கில் எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) குற்றத்தை ஒப்புக்கொண்டதும் முன்குற்றப் பட்டியல் மேசைக்கு வரும்; பழைய தண்டனை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. "ஐஆர்சிகாரன்" (திரும்பத் திரும்பத் தண்டனை பெற்றவன்) என்ற சொல் மன்றில் விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் மங்கிவிடும். எதிரிக்காக வாதாடும் சட்டத்தரணி என்றால், வரிகளை எண்ணுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் இரண்டு திகதிகளைப் பாருங்கள்: களவு நடந்த நாள், தீர்ப்பான நாள். ஒரே கிழமையில் மூன்று வீட்டில் எடுத்து, மூன்றுக்கும் ஒரே நாளில் தண்டனை பெற்றவரும் மூன்று வரியாகத்தான் நிற்பார். மன்று அவரை எச்சரித்ததோ ஒரே தடவை. ஒவ்வொரு தீர்ப்புக்குப் பிறகும் திரும்பக் களவெடுத்தவரோடு அவரைச் சேர்ப்பது அநியாயம்.

மார்ச் 5
சாதாரண களவுக்கு தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவில் உச்சம் 3 வருடம்; குடியிருக்கும் வீட்டில் என்றால் 369இல் 7 வருடம். இரவில் வீடுடைப்பது பகலில் உடைப்பதைவிடப் பாரம். ஆரையம்பதியில் ஆளில்லாத வீட்டில் காஸ் சிலிண்டர் தூக்கியதும், பிள்ளைகள் படுத்திருக்கும் அறைக்குள் புகுந்து தாலிக்கொடி எடுத்ததும் ஒரே நிறையல்ல. எச். என். டி சில்வா வழக்கின் தீர்ப்பில் சொன்னதுபோல, செயலின் தன்மையே முதல் அளவு. பழைய குற்றம் சலுகையைக் குறைக்கலாம். சிலிண்டரைத் தாலிக்கொடியாக்கக் கூடாது.

மார்ச் 9
அதிகம் பிழை விடும் இடம் ஒத்திவைத்த சிறை, அதாவது விதித்தும் உடனே அனுபவிக்க வைக்காத தண்டனை. ஒத்திவைப்புக் காலத்துக்குள் புதுக் களவு நடந்தால் பழைய தண்டனை உயிர்பெறும். பழையது 12 மாதம், இந்தக் களவுக்குத் தகுந்தது 12 மாதம் என்று வைப்போம். ஒன்றன்பின் ஒன்றாக என்றால் 24. "முன்பும் செய்தவர்" என்று புதியதை 18 ஆக்கினால் 30. கூடிய 6 மாதம் அதே பழைய குற்றத்துக்கு இரண்டாம் தடவை வாங்கும் விலை. முதலில் தனித்தனியே குறித்து, பிறகு மொத்தத்தைக் கூட்டி, இந்தக் களவுக்கு இது தகுமா என்று மன்றிடம் கேட்க வேண்டும். விளக்கமறியலில் கழிந்த நாட்களையும் எண்ணிச் சொல்லுங்கள்.

மார்ச் 10
வரிகளை மட்டும் எண்ணினால் எங்கே போய் முடியும் என்பதற்குக் கலிபோர்னியா: ஒன்று 399 டொலர் பெறுமதியான 3 கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு, பழைய வீடுடைப்புகளைக் காட்டி, 25 வருடம் முதல் ஆயுள் வரை. 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என அதை ஏற்றது.

மார்ச் 14
கடைசித் தீர்ப்புக்கும் இந்தக் களவுக்கும் இடையில் எத்தனை வருடம் சும்மா இருந்தார்? எட்டு வருட இடைவெளியைப் பட்டியல் தானாகச் சொல்லாது. சட்டத்தரணி சொல்ல வேண்டும். போதைக்காக எடுத்தவரென்றால், சிறைக்குப் பதிலாகச் சமூகத்துக்குள்ளேயே திருத்த இடம் தரும் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தைப் பற்றி தீர்ப்புக்கு முன்பே பேசுங்கள். வீட்டுக்காரருக்கு நட்டஈடும் அன்றைக்கே கேட்க வேண்டும். எத்தனை மாதச் சிறை என்ற வாதத்தில் அந்தத் தாலிக்கொடியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.