குளத்து நீர்க் குடுவையில் உயிருள்ளவற்றைப் பிரித்தறிதல்

ஒரு கண்ணாடிக் குடுவையில் குளத்து நீரையும் அடிச்சேற்றையும் நீர்த்தாவரங்களையும் எடுத்துவைத்து, அதிலுள்ள ஒவ்வொன்றையும் உயிருள்ளது, உயிரற்றது என இரு பத்திகளில் குறித்துவருகிறேன். நத்தை, தாவரம், கூழாங்கல், நீர், வெளிச்சம் ஆகியவற்றைப் பற்றி ஐயமே எழவில்லை. சிக்கல் நுண்ணோக்கியின் கீழ்தான் தொடங்கியது.

400 மடங்கு உருப்பெருக்கத்தில் சேற்றுநீர்த் துளியைப் பார்த்தால், மிக நுண்ணிய துகள்கள் ஏறக்குறைய எல்லாமே அசைகின்றன. 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன், மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்கள் நீரில் ஓயாது நடுங்குவதைக் கண்டு, அது உயிரின் அடையாளம்தானா என்று அறிய, கண்ணாடித் தூளையும் பாறைத் தூளையும் நீரிலிட்டுப் பார்த்தார். அவையும் அவ்வாறே நடுங்கின. நானும் செங்கல் தூளை நீரில் கலந்து, அந்த நடுக்கத்துக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டேன். நீர் மூலக்கூறுகள் மோதுவதால் அலையும் துகளுக்குத் திசை கிடையாது. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியோ தடையில் முட்டியதும் பின்வாங்கி, வேறு பக்கமாகத் திரும்பிச் செல்கிறது.

அசையாதவற்றை இனம்காண்பது இதைவிடக் கடினம். டயட்டம்கள் என்னும் ஒருசெல் பாசிகளின் சிலிக்கா ஓட்டுக்குள் பொன்பழுப்பு நிறமி தெரிந்தால் உயிருள்ள பத்தியிலும், வெற்று ஓடாக இருந்தால் மற்றதிலும் சேர்க்கிறேன். காய்ந்த மாஸ் பாசியிலுள்ள ரோட்டிஃபர்கள் என்ற நுண்ணிய நீர்வாழ் விலங்குகள் சுருண்டு, தூசியைப் போலவே கிடக்கின்றன. நீர் விட்ட சில மணி நேரத்தில் அவற்றுள் சில நீந்தத் தொடங்குகின்றன. நுண்ணோக்கி ஆய்வாளர் லூவன்ஹுக் 1702இலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார். காய்ந்த நிலையிலும் அவற்றை உயிருள்ளவை என்றே கொள்வது சரியென எனக்குப் படுகிறது.

சேற்றுக்கு வேறு சோதனை தேவைப்பட்டது. மூடிய மூன்று புட்டிகளில் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறு கிண்ணங்களில் வைத்து, ஒன்றில் ஈரமான சேற்றையும், இன்னொன்றில் நன்றாகச் சூடாக்கி ஆறவைத்துக் கொதித்தாறிய நீரால் நனைத்த சேற்றையும் இட்டு, மூன்றாவதை வெறுமனே விட்டேன். முதல் புட்டியில் மட்டும் சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுத்தது. மற்ற இரண்டிலும் மெல்லிய ஏடு படிந்ததோடு சரி. சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் சுவாசித்து வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடே முதல் புட்டியில் கண்ட வெளுப்புக்குக் காரணம். ஆகவே மணலையும் களிமண்ணையும் ஒரு பத்தியிலும், பாக்டீரியாவையும் பூஞ்சையையும் மறு பத்தியிலுமாகச் சேற்றைப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

மட்கும் இலையை இன்னும் எதிலும் சேர்க்கவில்லை. இலை இறந்துவிட்டது, அதன்மேல் படர்ந்த பூஞ்சை இழைகள் அப்படியல்ல. வேகவைத்த இலையையும் வேகவைக்காத இலையையும் இதே சுண்ணாம்பு நீர்ச் சோதனைக்கு உட்படுத்துவதே அடுத்த வேலை.