மூன்று பிழைகளுக்கும் ஒரே மீதி: ரேம் பழுதைப் பிடித்த பதினோரு இரவுகள்

நகலெடுக்கும்போது கோப்புகளைக் கெடுத்துவந்த பழுதைப் பிடித்துவிட்டேன். வன்தட்டு இல்லை, கேபிள் இல்லை, மென்பொருளும் இல்லை. ஜனவரியில் கூடுதலாகச் செருகிய 8 ஜிபி ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) ஒரே ஒரு பிட். 8 ஜிபி என்றால் ஏறத்தாழ 6,872 கோடி பிட்டுகள். அவற்றில் ஒன்று சூடேறினால் 1ஐ மறந்து 0 ஆகிறது. அதைக் கண்டுபிடிக்கப் பதினோரு இரவுகள் பிடித்தன. கடைசியில் ஒரு அதிகாலை திரையில் அந்தச் சிவப்பு வரி வந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த வீட்டை எழுப்பிக் காட்ட வேண்டும்போல இருந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா கோயில் கொடைகளில் பதிவு செய்துவைத்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் 62 இருக்கின்றன. எல்லாம் 90 நிமிடக் கேசட்டுகள். பக்கத்துக்கு ஒரு கோப்பு என 124 ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்) கோப்புகள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், மொத்தம் 110 ஜிபி. (கேசட்டுக்கு 96 கிலோஹெர்ட்ஸ் அதிகம் என்பவர்களோடு இன்று வாதிடப் போவதில்லை. இந்தப் பாட்டுகளில் பலவற்றைப் பாடியவர்கள் இப்போது இல்லை. எடுக்கும்போதே முழுதாக எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.) இவற்றைப் புதிதாக வாங்கிய 4 டிபி வன்தட்டுக்கு நகலெடுத்து, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து, ஊரில் அக்கா வீட்டில் ஒரு பிரதியாக வைப்பது திட்டம்.

நகலெடுத்து முடிந்ததும் ஃப்ளாக்கின் சோதனையை ஓட்டினேன். அந்த வடிவத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமே இந்தச் சோதனைதான். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும். கோப்பை விரித்து அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். 124இல் 3 கோப்புகள் தேறவில்லை. மூல வன்தட்டில் அதே மூன்றும் நன்றாக இருந்தன. அவற்றை மட்டும் மறுபடி நகலெடுத்தேன், தேறின. முழுவதையும் மறுபடி நகலெடுத்தேன், இப்போது வேறு இரண்டு கோப்புகள் கெட்டிருந்தன.

ஒரே கோப்பு திரும்பத் திரும்பக் கெட்டால் வன்தட்டைச் சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறிக் கெட்டால் என்ன செய்வது? வன்தட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் தன்னறிக்கையில் பிழைகளைக் காட்டும் 5, 197, 199 ஆகிய வரிகள் மூன்றும் பூச்சியம். 199 கேபிள் வழியே வரும் பிழைகளின் எண்ணிக்கை. அது பூச்சியமாக இருந்தும் மனம் கேட்காமல் இரண்டு புதிய கேபிள்கள் வாங்கினேன். பிழை போகவில்லை. அந்தக் காசு வீண்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நகலெடுத்த கையோடு சரிபார்த்தால் அது சரிபார்ப்பே இல்லை. என் கணினியின் இயங்குதளமான லினக்ஸ் அந்தக் கோப்பை வன்தட்டிலிருந்து படிக்காமல், ரேமில் இன்னும் மிச்சமிருக்கும் பக்கங்களையே எடுத்துத் தந்துவிடும். வன்தட்டைக் கழற்றி மறுபடி இணைத்து, அல்லது கணினியையே மறுதொடக்கம் செய்து, பிறகுதான் சரிபார்க்க வேண்டும். முதல் நான்கு இரவுகள் எனக்கு முன்னுக்குப் பின் முரணான விடைகள் வந்ததற்கு இதுவே காரணம்.

ஐந்தாம் இரவில்தான் உருப்படியான வேலை நடந்தது. மூலக் கோப்பையும் கெட்ட நகலையும் சிஎம்பி கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். சில நூறு எம்பி கொண்ட கோப்பில் வேறுபட்டது ஒரே ஒரு பைட். மூன்று கோப்புகளிலும் அப்படித்தான். வேறுபட்ட இடங்கள்: 16,87,86,587, 48,55,01,595, 3,71,28,859. மதிப்புகள் எண்மத்தில் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில்) 265 என்பது 261 ஆகவும், 174 என்பது 170 ஆகவும், 047 என்பது 043 ஆகவும் மாறியிருந்தன. கடைசி இலக்கம் மூன்றிலும் நான்கு குறைந்திருக்கிறது. அதாவது மூன்றிலும் ஒரே பிட் 1இலிருந்து 0க்குச் சரிந்திருக்கிறது. ஒரு கோப்பில்கூட எதிர்த்திசையில் இல்லை.

பிறகு அந்த மூன்று இடங்களையும் 4096ஆல் வகுத்துப் பார்த்தேன். மீதி 2715, 2715, 2715.

அந்தத் தாளை இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். 4096 பைட் என்பது ரேமில் ஒரு பக்கத்தின் அளவு. கோப்பை இயங்குதளம் ரேமில் ஏற்றும்போது 4096, 4096ஆக வெட்டித்தான் வைக்கும். ஆகவே ரேமில் ஒரு குறிப்பிட்ட இடம் பழுது என்றால், எந்தக் கோப்பு அங்கே வந்து உட்கார்ந்தாலும் அதன் பக்கத்துக்குள் அதே இடத்தில்தான் அடி விழும். வன்தட்டோ கேபிளோ இப்படி ஒரே மீதியைத் தருவது மிக அரிது. சிஎம்பி 1இலிருந்து எண்ணுவதால் ஒன்றைக் கழித்தால் 2714. கணினி ஒரே வீச்சில் கையாளும் 8 பைட் தொகுப்பான ‘சொல்’லாகப் பார்த்தால் 2712இல் தொடங்கும் சொல்லின் மூன்றாம் பைட். 2712ஐப் பதினறும எண்ணாக்கினால் ஏ98. ரேம் சோதனையில் முகவரி ஏ98 என்று முடிய வேண்டும், பிழை பிட் 00040000 என்று வர வேண்டும் என ஐந்தாம் இரவே எழுதிவைத்தேன்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது, கோப்பு வன்தட்டில்தானே இருக்கிறது, மெமரி பழுதானால் கோப்பு எப்படிக் கெடும் என்று கேட்டார். பலரும் கேட்கும் கேள்விதான். போனில் இடம் தீர்ந்துபோனாலும் மெமரி நிறைந்துவிட்டது என்றுதானே சொல்கிறோம். இரண்டு வன்தட்டுகளுக்கிடையே நேர்ப்பாதை கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ரேமில் இறங்கி ஏறித்தான் போகிறது. 16 ஜிபி ரேமில் சுமார் 42 லட்சம் பக்கங்கள். 110 ஜிபியை நகலெடுக்கும்போது படிக்க ஒரு பக்கம், எழுத ஒரு பக்கம் என்று 220 ஜிபி அளவுக்குப் பக்கங்கள் புழங்குகின்றன. அந்தக் கெட்ட பக்கத்துக்கு ஏறத்தாழப் பதினான்கு முறை வேலை வரும். பாதி முறை அங்கே எழுதப்படுவது 0, அப்போது கேடில்லை. மீதி ஏழில், சூடாக இருக்கும்போது மட்டும் சரிகிறது என்றால் மூன்று பிழை என்பது கணக்குக்குப் பொருந்துகிறது.

அடுத்தது ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+. 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து இது யுஇஎஃப்ஐ என்ற புதுவகைத் தொடக்க மென்பொருள் கொண்ட கணினிகளிலும் நேராக ஓடுகிறது. பழைய பதிப்புகளை வைத்துக்கொண்டு மல்லாடுபவர்கள் மாறிவிடுங்கள். முதல் சுற்று சுத்தம். இரண்டாம் சுற்றும் சுத்தம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ரேம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகப் போகிறவர்கள் அனைவருக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்: போதாது. எனக்குப் பிழை வந்தது நான்காம் சுற்றில், அதன் மாடுலோ 20 என்ற சோதனையில், இரவு மூன்று மணிக்கு, கத்திரி வெயில் குடித்த அறையில், மின்விசிறியை நிறுத்தி வைத்தபோது. முகவரியின் கடைசி மூன்று இலக்கங்கள் ஏ98. பிழை பிட் 00040000. எழுதிவைத்த தாளை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தேன், ஒரு எழுத்து மாறவில்லை.

சூட்டுக்கு ஏன் இப்படி என்றால், டிரேமின் (நம் கணினிகளில் இருக்கும் ரேம் வகையின்) அமைப்பே அப்படி. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டு 1960களில் வடிவமைத்த ஒற்றை டிரான்சிஸ்டர் செல்தான் இன்றும் நம் ரேமில் இருக்கிறது: ஒரு டிரான்சிஸ்டர், அதன் பக்கத்தில் மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு மின்தேக்கி. அது கசியும் தொட்டி. அதனால்தான் வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்து மறுபடி நிரப்புகிறார்கள். வெப்பம் 85 பாகையைத் தாண்டினால் அந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பது தர விதி. சூடு ஏறக் கசிவு கூடும். என்னுடைய செல் மற்றவற்றைவிட வேகமாகக் கசிகிறது. அக்கம்பக்கத்துச் செல்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அதைப் பாதிக்கிறது போலும். நேரான 1, 0 வடிவங்களில் அது ஒருமுறைகூட அகப்படவில்லை.

பழையது, புதியது என்று இருக்கும் இரண்டு ரேம் ஸ்டிக்குகளில் பழுது எதில் என்று பிரிக்க மேலும் நான்கு இரவுகள். இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது முகவரிகள் இரண்டுக்குமாக மாறி மாறிப் பகிரப்படுவதால், முகவரியை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது. பழைய ஸ்டிக் முதல் ஸ்லாட்டில்: சுத்தம். புதியது முதல் ஸ்லாட்டில்: பிழை. புதியது இரண்டாவதில்: பிழை. பழையது இரண்டாவதில்: சுத்தம். ஒற்றையாகப் போட்டபோது முகவரி மாறிவிட்டது, ஏ98 போய்விட்டது. ஆனால் பிழை பிட் 00040000 மாறவே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டினால், முகவரி மாறியதைப் பார்த்து இது வேறு பழுது என்று குழம்பிவிடுவீர்கள்.

அந்த ஸ்டிக்கை ஜனவரியில் பயன்படுத்தியதாக வாங்கியிருந்தேன். விற்ற கடையில் போய்ச் சொன்னால், கணினி எழுகிறதா, எழுகிறதென்றால் ரேம் நல்லது என்றார்கள். பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்த்துக் கொடுத்தார்கள். முனையில் அழுக்கு என்றால் ஆயிரக்கணக்கான முகவரிகளில் பிழை கொட்டும். ஒரே முகவரியில் ஒரே பிட் விழுவதற்கும் அழுக்குக்கும் தொடர்பில்லை. தாளைக் காட்டினேன், படிக்கவில்லை. எனக்குக் கோபம் பணத்துக்காக இல்லை. அதே ஸ்டிக் நாளை இன்னொருவர் கணினியில் போய் அவருடைய குழந்தையின் படங்களில் கைவைக்கும் என்பதற்காக. திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வந்துவிட்டேன். அதன் மேல் சிவப்பு மையில் பழுது என்று எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறேன்.

மாற்று ஸ்டிக்கைச் சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் வாங்கினேன். மூன்றாவதாக நுழைந்த கடையில், என் பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்டை அங்கேயே அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க விட்டார்கள். அரைமணி போதாது என்றாலும் அந்த மனசு போதும், இனி அங்கேதான். டிடிஆர்4 வகை ரேம் வாங்கப் போகிறவர்கள் பழைய ஸ்டிக்கைக் கையோடு எடுத்துப் போங்கள். டிடிஆர்3க்கும் இதற்கும் நடுவெட்டு வேறு இடத்தில் இருக்கும், கண்ணால் பார்த்தால் எளிதில் பிடிபடாது.

இதற்கெல்லாம் மருந்து 1950லேயே எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பெல் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஹேமிங், வார இறுதியில் ஓடவிட்ட கணக்கைப் பிழை கண்டதும் இயந்திரம் கைவிட்டுவிடுகிறது என்று எரிச்சல்பட்டு, பிழை இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தால் எங்கே என்று கண்டு திருத்தக் கூடாதா என யோசித்தவர். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்தால் ஒற்றைப் பிட் பிழையை அந்த இடத்திலேயே திருத்திவிடலாம். சர்வர்களின் இசிசி ரேம் அதைத்தான் செய்கிறது. கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரையில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ஸ்டிக்குகள் குறைந்தது ஒரு பிழையையாவது கண்டன என்றிருக்கிறது. விண்கதிர் வந்து தட்டிவிட்டுப் போகும் தற்செயல் பிழைகளைவிட, என்னுடையதைப்போல வன்பொருளிலேயே இருக்கும் பழுதுதான் அதிகம் என்றும் சொல்கிறது. வீட்டுக் கணினிக்கு மட்டும் அந்த 8 பிட் வேண்டாம் என்று யார் முடிவு செய்தது? வீட்டுக் கணினியில்தான் வேறு பிரதியே இல்லாத பொருள்கள் இருக்கின்றன.

குறியாக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. என் நகலில் ஒற்றைப் பிட் மட்டும் மாறியிருந்ததே, அதுவே ஒரு துப்பு. குறியாக்கத்துக்குப் பிறகு பிட் சரிந்திருந்தால், எக்ஸ்டிஎஸ் என்ற குறியாக்க முறையில் விரிக்கும்போது 16 பைட் முழுதும் குப்பையாக வந்திருக்கும். ஆக, அடி விழுந்தது குறியாக்கத்துக்கு முன்னால். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு: லக்ஸ் (லினக்ஸில் வன்தட்டைக் குறியாக்கம் செய்யும் ஏற்பாடு) தலைப்பில் சாவி இருக்கும் பகுதியில் ஒரு பிட் சரிந்தால் அந்தக் கடவுச்சொல்லால் வன்தட்டைத் திறக்கவே முடியாது. சாவியை வேண்டுமென்றே பல மடங்கு பரப்பிவைத்திருப்பதால், ஒரு துளி கெட்டாலும் முழுதும் போய்விடும். திருடனுக்கு எதிராகச் செய்த ஏற்பாடு அது. பழுதான ரேமிடம் மாட்டினால் நமக்கே எதிராகிவிடுகிறது. நல்ல ரேமைப் போட்டபின் வன்தட்டை முதலிலிருந்து மறுபடி குறியாக்கம் செய்து, தலைப்பின் பிரதியை இரண்டு பென்டிரைவ்களில் எடுத்துவைத்தேன். தூக்க நிலையையும் நிறுத்திவிட்டேன். வன்தட்டு திறந்திருக்கும்வரை சாவி ரேமில்தான் இருக்கிறது. மின்சாரம் போனபிறகும் சில நொடிகள் அது அழியாமல் இருக்கும், குளிர்வித்தால் இன்னும் நீளும் என்று பிரின்ஸ்டனில் 2008இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

நகல்கள் இப்போது 124உம் தேறிவிட்டன. ஆனால் வேலை முடியவில்லை. ஜனவரிக்குப் பிறகு இந்தக் கணினியில் கேசட்டிலிருந்து எடுத்தவை ஒன்பது. ஒலியைப் பதியும்போதே பிட் சரிந்திருந்தால், ஃப்ளாக் அந்தத் தவற்றையும் சேர்த்தே எம்டி5 போட்டிருக்கும். சோதனையில் தேறும், ஒலி தவறாக இருக்கும். ஒலி மாதிரி ஒன்றின் அதிக மதிப்புள்ள மேல் பைட்டில் விழுந்திருந்தால் முழு அளவில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு துள்ளும், காதுக்கு ஒரு டிக் என்று கேட்கும். கீழ் பைட்டில் விழுந்திருந்தால் யாருக்கும் கேட்காது. எனக்குத் தெரியுமே. ஆகவே ஒன்பதையும் மறுபடி எடுக்கிறேன்.

கேசட் டெக்கின் பெல்ட் இதற்குள் தளர்ந்துபோய், வேகம் ஏறி இறங்குகிறது. சதுர வெட்டுப் பெல்ட் இங்கே எங்கும் அகப்படவில்லை. பழைய டெக் ஒன்றைப் பிரித்து அதன் பெல்ட்டைப் போட்டிருக்கிறேன். இசிசி ரேம் ஏற்கும் பழைய சர்வர் பலகை ஒன்றையும் பார்த்துவைத்திருக்கிறேன். அது வந்தால் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் போட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்பு எண்ணோடு வைக்கும் எண்ணம். இப்போது ஐந்தாவது கேசட்டின் பி பக்கம் ஓடுகிறது. குடம் தட்டும் சத்தம் நன்றாக விழுகிறது. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.