தாமதமாக எண்ணிய சரக்கும் மாதக் கடைசி இருப்பும்

மாதம் முடிந்து சில நாள் கழித்துச் சரக்கை எண்ணிவிட்டு, அந்த எண்ணிக்கையையே மாதக் கடைசி இருப்பாக எழுதுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இடையில் சரக்கு நகர்ந்திருக்கிறதே!

5ஆம் தேதி எண்ணியது 470 பெட்டி என்று வையுங்கள். 1ஆம் தேதியிலிருந்து எண்ணும் வரை வெளியே போனது 60, உள்ளே வந்தது 100. அப்படியென்றால் மாதக் கடைசியில் இருந்தது 470 + 60 − 100, அதாவது 430. மாதக் கடைசிக்குக் கணக்குப் புத்தகம் காட்டும் இருப்போ 445. ஆக, 15 பெட்டி குறைகிறது. 470ஐ நேராக 445உடன் ஒப்பிட்டிருந்தால் 25 பெட்டி கூடுதல் என்று வந்திருக்கும். குறைவே கூடுதலாகத் தெரிவது எவ்வளவு ஆபத்து! கடைசி இருப்பு கூடினால் அந்த மாத லாபமும் பொய்யாகக் கூடும், அடுத்த மாதம் அடி வாங்கும்.

சரி, அந்த 15ஐ உடனே நட்டத்தில் எழுதிவிடாதீர்கள். 30ஆம் தேதி அனுப்பிய சரக்குக்கு இன்னும் பில் போடாமல் இருக்கலாம். அது நட்டமில்லை, பதிவாகாத விற்பனை. வேறு கிடங்குக்கு மாற்றியதையும் பாருங்கள். அதன் பிறகும் குறைந்தால் மாதக் கடைசித் தேதியிலேயே திருத்தம் போடுங்கள், எண்ணிய தேதியில் வேண்டாம்.

ஆண்டுக் கணக்கே வெளியாகி, பிழையும் பெரிதென்றால், ஐஏஎஸ் 8 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலையைப் பின்பற்றும் நிறுவனங்கள் முந்தைய ஆண்டு எண்களையே திருத்திக் காட்ட வேண்டும். எண்ணிக்கைத் தாளையும் இடைப்பட்ட நாட்களின் பில்களையும் ஒன்றாக வைத்திருங்கள். தணிக்கையாளர் அந்த நாட்களைத்தான் முதலில் கேட்பார்.