நியூஜெர்சியில் வீடு, நியூயார்க்கில் வேலை

எடிசனில் குடியிருந்து மன்ஹாட்டனில் வேலை பார்க்கும் நண்பர்கள் பலர், ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலங்களும் முழு வரி வாங்கிவிடுமோ என்று வரிக்கணக்கு தாக்கல் செய்யும் ஏப்ரல் நெருங்கும்போது கவலைப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. நியூயார்க்கில் ஈட்டிய சம்பளத்துக்கு அந்த மாநிலம் வரி விதிக்கும். நியூஜெர்சி மொத்த வருமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், நியூயார்க்குக்குக் கட்டிய வரியை, அதே வருமானத்துக்கு நியூஜெர்சி விதிக்கக்கூடிய வரியின் அளவுவரை, தன் வரியிலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆகவே வெளிமாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான நியூயார்க்கின் ஐடி-203 வருமான வரிப் படிவத்தை முதலில் முடித்து, அதில் கணக்கிட்டு வரும் வரித்தொகையைக் கொண்டே நியூஜெர்சிப் படிவத்தை நிரப்புங்கள். நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 தாளில் பிடித்தமாகக் காட்டியிருக்கும் தொகையை அப்படியே எடுத்து எழுதக் கூடாது.

எனக்குச் சற்றும் நியாயமாகப் படாதது வேறொன்று. நியூயார்க் நிறுவனத்தின் ஊழியர் தம் வசதிக்காக வீட்டிலிருந்தே வேலை செய்த நாள்களையும், அவர் இரு மாநிலங்களுக்கும் இடையே ஓடும் ஹட்சன் ஆற்றைக் கடக்கவே இல்லை என்றாலும், நியூயார்க்கில் வேலை செய்த நாள்களாகவே அம்மாநிலம் பொதுவாகக் கணக்கிடுகிறது. பென்சில்வேனியாவுடன் நியூஜெர்சிக்கு உள்ள உடன்பாட்டின்படி, சம்பளத்துக்குக் குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வருமான வரி வாங்குகிறது (பிலடெல்பியா நகரத்தின் சம்பள வரி தனி). நியூயார்க்குடனும் அத்தகைய உடன்பாடு வர வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் நாம் தொடர்ந்து கேட்க வேண்டும்.