மூன்றில் ஒன்று பேசவில்லை

18 அக்டோபர் 2025, சனிக்கிழமை

தஞ்சாவூரில் தீபாவளித் துணி எடுத்துக்கொண்டு திரும்புகையில், பாபநாசம் நெருங்கும்போது கார் நொண்டத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பாய்வதற்குப் பதில் குலுங்குகிறது. நிறுத்தினால் ஸ்டியரிங், இருக்கை, பின்னால் கிடந்த துணிப்பைகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடுகின்றன. “கும்பகோணம் வரைக்கும் வருமா, நான் பஸ் பிடித்துக்கொள்ளட்டுமா?” என்றார் அம்மா. வந்தது. கடைசிப் பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டி வேகம்.

1994 மாடல் மாருதி 800, மூன்று சிலிண்டர் வண்டி. அப்பா கடன் போட்டு வாங்கியது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், பொறிக்கான மின்சாரத்தை சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் தொட்டு விலகிப் பொறியைத் தூண்டும் பாயின்ட் என்று எல்லாம் பழைய முறை. இப்போதைய கார்களைப் போலக் கருவியைச் செருகி எந்த சிலிண்டர் என்று கேட்க முடியாது. காதும் மூக்கும்தான் கருவி.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கிறார். “வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் அக்கா. அதுவரை எதையும் கழற்றிவிடாதீர்கள்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாதிருந்தால் ஒருவேளை சும்மா இருந்திருப்பேன்.

19 அக்டோபர், ஞாயிறு

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கார் ஓட்டுவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது. யோசனை சொல்வதை நிறுத்தவில்லை. நாற்காலியை போர்ட்டிகோவுக்குக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

முதல் சோதனைக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை போதும் என்றார். என்ஜினை ஓடவிட்டு, பத்திரிகையை நுனியில் பிடித்துப் புகைக்குழாயின் வாயருகே தொங்கவிட்டேன். நல்ல என்ஜினில் காற்று சீராக வந்து அட்டையை வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்குமாம். இங்கே தள்ளு, தள்ளு, ஒரு தொய்வு. மறுபடி தள்ளு, தள்ளு, ஒரு தொய்வு. அட்டை உள்ளே உறிஞ்சப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டும், அப்படி இல்லை. “மிஸ்ஸிங்கூடத் தாளம் தப்பாமல் வருகிறது. ஒரே சிலிண்டர்தான்” என்றார் அப்பா. எரியாமல் தப்புவதற்குத்தான் மிஸ்ஸிங் என்று பெயர்.

எது என்று கண்டுபிடிக்க, பொறி அடிக்கும் பிளக்குக்குப் போகும் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓடும் என்ஜினில் வயரைப் பிடுங்கும் வீரம் எனக்கு இல்லை. அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். என்ஜினை நிறுத்தி, வயரைக் கழற்றி, அதன் முனையில் உதிரி பிளக் ஒன்றைச் செருகி, அந்தப் பிளக்கின் உடம்பு என்ஜின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். அதை எடுத்தால் என்ஜின் அணைந்தே போகிறது. மூன்றாவதை எடுத்தாலும் அப்படியே. இரண்டாவதை எடுத்தபோது ஒன்றுமே மாறவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றால் அவர்தான் வேலைக்கு வராதவர்.

இதற்குள் எதிர்வீட்டு மாமா வந்துவிட்டார். “எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால் வருகிற வினை. இருபது சதவீதம் கலக்கிறான். பழைய வண்டி தாங்குமா?” பழைய ரப்பர் குழாய்களுக்கும் கார்புரேட்டருக்கும் எத்தனால் ஆகாது என்பது சரிதான், அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் மூன்று சிலிண்டரும் ஒரே டேங்கில், ஒரே கார்புரேட்டரில் குடிக்கின்றன. பெட்ரோல் கெட்டுப்போனால் மூன்றுக்கும் வயிற்றுவலி வர வேண்டும், இரண்டாவதற்கு மட்டும் ஏன்? இதைச் சொன்னதும் மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, காயிலாக இருக்கும் என்றார். பொறிக்கு மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் காயிலும் மூன்றுக்கும் ஒன்றுதான். அவருக்குக் காபி கொடுத்தேன்.

பிளக்குகளைக் கழற்றினேன். ஒன்றும் மூன்றும் பிஸ்கட் நிறம், உலர்ந்திருக்கின்றன. இரண்டாவது நனைந்து, பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஆகப் பெட்ரோல் போகிறது, எரியவில்லை. இரண்டாம் பிளக்கைத் துடைத்து ஒன்றாவதில் போட்டு, ஒன்றாவதை இங்கே மாற்றினேன். குறை பிளக்கோடு நகரவில்லை, இரண்டாவதிலேயே இருக்கிறது. பிளக் நிரபராதி. கடை திறந்திருந்தால் புது செட் வாங்கிப் போட்டுப் பணத்தைத் தொலைத்திருப்பேன்.

சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்க கேஜ் இல்லை. மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் வயரைப் பிரித்துவைத்து, துளையில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தேன். தம்பி மகன் சாவியைத் திருப்பினான். மூன்றிலும் விரல் ஒரே வேகத்தில் எகிறியது. இது துல்லியமான அளவு இல்லைதான். ஆனால் செத்துப்போன சிலிண்டர் என்றால் விரலுக்கே தெரிந்திருக்கும்.

பிறகு குழப்பம். இரண்டாவது வயரின் முனையில் உதிரி பிளக்கை மாட்டி வெளியில் வைத்துப் பார்த்தபோது பொறி அழகாக அடித்தது. பெட்ரோல் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, பொறியும் இருக்கிறது. எரியாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன்.

20 அக்டோபர், தீபாவளி

எண்ணெய்க் குளியல், லேகியம், விருந்தாளிகள். காரைத் தொடக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு.

21 அக்டோபர், செவ்வாய்

ராத்திரி முழுக்க மழை. காலையில் கார் இரண்டு சிலிண்டரிலும்கூட ஒழுங்காக ஓடவில்லை. அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஈரத்துக்குக் கூடுகிறது என்றால் கரன்ட் எங்கேயோ கசிகிறது.”

பிளக் வயர்களை மல்டிமீட்டரில் அளந்தேன். மூன்றுமே சில ஆயிரம் ஓம். நீளத்துக்கு ஏற்ப சிறு வித்தியாசம், அவ்வளவுதான். எதுவும் உள்ளே அறுந்திருக்கவில்லை.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைக் குழப்பம் விளங்கியது. வெளியில் வைத்த பிளக்கில் பொறி தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் அதே இடைவெளியைத் தாண்ட, மின்னழுத்தம் அதைவிடப் பல மடங்கு ஏற வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போதே வழியில் எங்கேயாவது சுலபமான சந்து கிடைத்தால் மின்சாரம் அந்தச் சந்தில் இறங்கிவிடும். வெளியே பார்த்த பொறி பொய் சொல்லவில்லை; நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

இரவு எட்டு மணிக்குப் போர்ட்டிகோ விளக்கை அணைத்தோம். அம்மா இஸ்திரிக்குத் துணி தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர். என்ஜினை ஓடவிட்டு, தள்ளி நின்று, வயர்களின் மேல் மூடுபனி போல ஒரு தெளி. ஒன்றுமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் பக்கமாக இன்னொரு தெளி.

இரண்டாம் வயர் செருகியிருக்கும் குமிழிலிருந்து, மூடியைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப் வரைக்கும் நீல நூல் ஒன்று துடித்தது. தையல் நூலைவிட மெல்லியது. ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டிக்’ என்று சின்னச் சத்தம். அதே கணத்தில் என்ஜின் ஒரு தடுக்கு தடுக்கியது. தண்ணீர் உலர உலர நூல் விட்டுவிட்டு வந்தது, ஆனால் நிற்கவில்லை. தெருவில் யாரோ மிச்சமிருந்த புஸ்வாணத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் பானெட்டுக்குள் தலையை நீட்டிக்கொண்டு இதைப் பார்த்தோம். அப்பாவுக்குப் பார்வை அவ்வளவு இல்லை. “நீலமா, மஞ்சளா?” என்று இரண்டு முறை கேட்டார்.

22 அக்டோபர், புதன்

மூடியைக் கழற்றி வெயிலில்லாத வெளிச்சத்தில் அப்பாவின் லென்ஸால் பார்த்தேன். முடியளவு விரிசல், அதன் மேல் பென்சிலால் கோடு போட்டதுபோலக் கரி. முதலில் ஈரத்திலோ தூசியிலோ கசிந்திருக்கும். கசிந்த தடம் கருகிக் கரியாகிவிட்டால் அந்தக் கரியே ஒரு கம்பி மாதிரி. அதன் பிறகு மழை வேண்டியதில்லை, வெயிலிலும் கசியும்.

ஸ்பேர் கடை இன்னும் திறக்கவில்லை. பிளேடால் கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அதன் மேல் நகச்சாயம் பூசினேன். தம்பி மகளுடையது, கத்திரிப்பூ நிறம். இரண்டு பூச்சு. இது வைத்தியம் ஆகாது, கட்டுதான். ஆனால் வண்டி மூன்று காலில் எழுந்து நின்றது. கடைத்தெருவரை ஓட்டிப்போய்ப் பால் வாங்கிவந்தேன்.

23 அக்டோபர், வியாழன்

கடைக்காரர் பழைய மூடியைத் திருப்பிப் பார்த்து, நகச்சாயத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு மூடிகள் இருக்கின்றன. பழையதைக் கொண்டுபோனது நல்லதாயிற்று. மூடிக்குள் சுழன்று மின்சாரத்தைப் பங்கிடும் ரோட்டாரும் சேர்த்து வாங்கினேன்.

இனி எழுதுவது எனக்குப் பெருமை தருவதில்லை. ஆர்வத்தில் மூன்று வயரையும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டேன், அடையாளம் வைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் செருகினேன். இந்த என்ஜின் எரியும் வரிசை 1-3-2. சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் வழியாக ‘டமார்’ என்று திருப்பி அடித்தது, காக்கைகள் பறந்தன. எதிர்வீட்டு மாமா ஜன்னலைத் திறந்து, தீபாவளி முடிந்துவிட்டது என்று நினைவூட்டினார்.

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. “ஒன்றாவது சரியாக இருந்தால் மிச்சம் இரண்டே வழி. அதில் தப்பானதைத் தேடிப்பிடித்திருக்கிறாய்.”

இரண்டையும் மூன்றையும் மாற்றினேன். பாதித் திருப்பலில் பிடித்துக்கொண்டது.

24 அக்டோபர், வெள்ளி

இழுவை திரும்பிவிட்டது. ஆனால் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, எப்போதாவது ஒரு விக்கல். இது வேறு ஜாதி விக்கல்: தாளம் கிடையாது, எந்த சிலிண்டரிலும் குடியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் பேசிய நியாயத்தையே இங்கேயும் போட்டால், மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. மூடியைத் திறந்து பாயின்டைப் பார்த்தேன். ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். கழற்றவேண்டாம் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பாயின்டை மாற்றி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு அமைத்தார். பாயின்ட் இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும், அதாவது பொறி அடிக்கும் நேரமும், நகரும். ஆகவே டைமிங் லைட் வைத்து அதையும் சரிசெய்தார். நானே செய்திருந்தால் அங்கேதான் கோட்டை விட்டிருப்பேன். விக்கல் நின்றது.

போகும்போது நகச்சாய மூடியைக் கேட்டார். பட்டறைப் பையன்களுக்குக் கரிக்கோடு என்றால் என்னவென்று காட்டவாம். எடுத்துக்கொள்ளட்டும்.

26 அக்டோபர், ஞாயிறு

மழை. பாபநாசம் வரை போய்வந்தோம், அம்மாவும் வந்தார். நான்காவது கியரில் ஒரு தடுக்கல் இல்லை. திரும்பி வந்து கல்யாணப் பத்திரிகையைப் பிடித்துப் பார்த்தேன். அசையாமல் வெளியே தள்ளி நிற்கிறது. பெட்ரோல் குழாய்களைத் தொட்டுப் பார்த்ததில் கார்புரேட்டர் பக்கத்து ரப்பர் விரலுக்குப் பிசுபிசுக்கிறது. நாளைக்கு அரை மீட்டர் வாங்க வேண்டும். எதிர்வீட்டு மாமாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.