மூடிய டவுன்ஹில் டிரெயிலுக்கு மனு: எது வரை உதவும்?

சைக்கிளில் மலைச்சரிவில் வேகமாக இறங்கும் பாதைதான் டவுன்ஹில் டிரெயில். அது மூடப்பட்டால், கையெழுத்து மனு அதைத் திறந்துவிடாது. முடிவெடுப்பவரைப் பேச வரவைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாமே காகித வேலையும் மண் வேலையும்.

மூடியது யார், எதற்காக என்பதை முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். அரசு நிலமென்றால், தகவல் கேட்கும் சட்டம் உள்ள நாடுகளில் மூடல் ஆணை, ஆய்வறிக்கை, விபத்துப் பதிவு மூன்றையும் கேட்கலாம். தனியார் நிலமென்றால் நேரில் போய்ப் பேசுவதே மேல். அங்கே கையெழுத்துக் கட்டை நீட்டினால் மிரட்டலாகத்தான் படும்.

மரம் வெட்டுகிறார்கள், பறவைகள் கூடுகட்டும் காலம் என்றால் மனுவே வேண்டாம், திறக்கும் தேதியை மட்டும் கேளுங்கள். சட்டம் குறுக்கே நிற்கும் இடத்திலும் வீண்தான். அமெரிக்காவில் 1964 சட்டத்தின்படி வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. உள்ளூர் வன அதிகாரியால் அதை மாற்ற முடியாது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தரும், 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். ஒற்றை டிரெயிலுக்கு அவ்வளவு சேர்வது கடினம்; சேர்ந்தாலும் நில உரிமையாளரை அது கட்டாயப்படுத்தாது.

உள்ளாட்சி நிலத்தில்தான் மனுவுக்கு எடை உண்டு. அங்கேயும் மொத்த எண்ணிக்கையைவிட, எத்தனை பேர் அந்தத் தொகுதி வாக்காளர்கள் என்றுதான் உறுப்பினர்கள் பார்ப்பார்கள். அதனால் அஞ்சல் குறியீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும்: வரைபடத்தில் குறித்த இந்த டிரெயிலைப் பற்றி, தேதி குறித்து ஒரு கூட்டம். "எல்லா டிரெயிலையும் திற" என்று எழுதினால் "முடியாது" என்பது சுலபமாகிவிடும்.

கூட்டத்தில் பெரும்பாலும் பேச்சு மண்ணரிப்புக்குத்தான் வரும். மலைச்சரிவின் பாதிச் சாய்வைப் பாதை தாண்டக் கூடாது என்பது டிரெயில் வெட்டுபவர்களின் விதி: சரிவு 20 சதவீதமென்றால் பாதை 10 சதவீதத்துக்குள். நேர்கீழாக இறங்கும் டவுன்ஹில் தடம் இதை மீறுகிறது. மழைநீர் பக்கவாட்டில் வடியாமல் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்கிறது. எல்லாரும் பிரேக் பிடிக்கும் இடத்தில் மண் பொடிந்து அலையலையாகப் பள்ளம் விழும், அடுத்த மழை அந்தப் பொடியை அள்ளிக்கொண்டு போகும். இடையிடையே பாதையைச் சற்று மேலேற்றி இறக்குவது, வெளிவிளிம்பை 5 சதவீதம் தாழ்த்துவது, செங்குத்தில் கல் பதிப்பது, பெர்மின் (வளைவில் உயர்த்திய சாய்வான மண் விளிம்பு) அடியில் நீர் வடிய வழி விடுவது என்று இடம் வாரியாகப் படத்தோடு கொடுங்கள். "நாங்களே பராமரிப்போம்" என்ற வாய்ச்சொல்லை யாரும் நம்பமாட்டார்கள், நியாயம்தான்.

இன்னொரு பயம் வழக்கு. அனுமதியின்றிக் கட்டிய கேப் ஜம்ப் (நடுவே உள்ள இடைவெளியைச் சைக்கிளோடு தாவிக் கடக்கும் மேடு) தன் நிலத்தில் இருப்பது தெரிந்தும் விட்டுவைத்தால், யாராவது விழும்போது உரிமையாளர் பதில் சொல்ல வேண்டிவரலாம். ஒவ்வொரு கேப்புக்கும் உருண்டு கடக்கும் மாற்றுத் தடம், நடைபாதையைக் கடக்கும் முன் வேகத்தைக் குறைக்கும் வளைவு, தேதியிட்ட ஆய்வுப் பதிவேடு, கிளப் பெயரில் பொறுப்புக் காப்பீடு: இவற்றை முன்வைத்தால் பேச்சு நகரும்.

மனு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தடுப்பைத் தாண்டி ஓட்டி வீடியோ போட்டால் எல்லாம் கெடும். அந்த வீடியோதான் எதிர்த்தரப்பின் முதல் ஆதாரம். நடைபயணிகளைத் திட்டும் பின்னூட்டங்களும் அப்படியே கோப்பில் ஏறும்.

முழுத் திறப்பு கிடைக்காவிட்டால் ஒரு பருவத்துக்குச் சோதனைத் திறப்பைக் கேளுங்கள். மழைக்குப் பின் மூடுவது யார், மறுபடி திறப்பது யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.