பற்றரி சார்ஜ் ஏறவில்லை: பதினான்கு மாதத்துக்குப் பிறகு பிடிபட்ட கப்ளர்

நேற்று இரவு நிலாவெளியிலிருந்து வந்து, வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருந்தேன். பிறகு ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன். ஒரே அழுத்தில் பிடித்தது. இரவு ஓட்டத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதினான்கு மாதம். அக்காவை வெளியே கூப்பிட்டு, இன்னொரு தரம் அழுத்திக் காட்டினேன்.

பைக் 150 சிசி, மூன்று மஞ்சள் வயர் வரும் ஸ்டேற்றர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் சுருள்), மூடிய வகை 9 அம்பியர்-மணி பற்றரி. பின்னேரங்களில் திருகோணமலை டவுனிலிருந்து உப்புவெளி தாண்டி நிலாவெளிக்கு ரியூஷன் கொடுக்கப் போய், இரவில் திரும்புவேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. வகுப்பு முடிந்து புறப்படும்போதும் சமாளிக்கும். வீட்டுக்கு வந்து நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தால் ரிலேயின் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். கிக் இருந்ததால் நடுவீதியில் நிற்கவில்லை.

கராஜில் பகலில் பார்த்தார்கள். எஞ்சினைக் கொஞ்சம் திருகிப் பிடித்து மீற்றரை வைத்தால் பற்றரியில் 13.6 வோல்ட். "சார்ஜிங் சரி, பற்றரிதான் பழுது" என்றார்கள். மாற்றினேன். ஐந்து மாதத்தில் அதுவும் படுத்தது. இன்னொன்று போட்டேன். அதுவும் இறங்கத் தொடங்கியபோது, வேறு ஒரு கராஜில் ரெகுலேற்றரையும் (ஸ்டேற்றரின் ஏசியை டிசியாக்கி, வோல்ட்டை அளவோடு பற்றரிக்கு விடும் பெட்டி) மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் அதே கதை. அன்றோடு இனி நானே பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

வழக்கமானதை எல்லாம் பார்த்துவிட்டேன். மஞ்சள் வயர்களுக்கு இடையில், மீற்றர் வயரின் தடையைக் கழித்துவிட்டால் மூன்று சோடியிலும் 0.5 ஓம். பொடிக்கு, அதாவது பைக்கின் உலோக உடலுக்கு (எர்த்), தொடர்பு இல்லை. 4000 சுற்றில் ஏசி 62, 62, 63 வோல்ட். ரெகுலேற்றரின் டயோடுகள் ஒழுங்கு. சாவியை எடுத்த பிறகு கசியும் மின்னோட்டம் 1 மில்லி அம்பியருக்கும் குறைவு. எதிலும் பிழை சொல்ல முடியவில்லை. இப்படி எல்லாம் சரியாக இருந்தும் பற்றரி இறங்கினால் எவ்வளவு எரிச்சல் வரும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வழி காட்டியது ஒரு படகு எஞ்சின் மெக்கானிக். உட்துறைமுகப் பக்கம் மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்ட் எஞ்சின் திருத்தும் அண்ணன். துருப்பிடிக்காத போல்ட் இரண்டு வாங்கத்தான் அவரிடம் போனேன். கதையோடு கதையாக இதையும் சொன்னேன்.

"13.6-ஐ லைட் போட்டுப் பார்த்தீங்களா, போடாமப் பார்த்தீங்களா தம்பி?"

"பகல்லதானே அண்ணன், லைட் போடேல்ல."

"அப்ப நீங்க ஒண்டும் பார்க்கேல்ல. லோடு குடுத்துப் பாருங்க. வயரைப் பாருங்க, சாமானைப் பார்க்காதீங்க."

அன்று மாலையே பார்த்தேன். ஹெட்லைட் ஹைபீமில், 4000 சுற்றில், பற்றரியில் 12.5. ரெகுலேற்றர் வெளியே தரும் இடத்தில், அதன் சிவப்புக்கும் பொடி வயருக்கும் இடையே, 14.4. நடுவில் 1.9 வோல்ட் எங்கேயோ போகிறது.

இந்தச் சோதனையைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பலர் இதைச் செய்வதில்லை. செய்பவர்களும் மீற்றரின் பீப் சத்தத்தை நம்பிவிடுகிறார்கள். என் மீற்றர் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். வயரின் இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சினாலும் பீப் அடிக்கும். ஓம் அளவில் வைத்தாலும், மீற்றர் வயருக்கே 0.3, 0.4 இருக்கும்போது, நாம் தேடுகிற தடை அதற்குள் ஒளிந்துவிடும். மின்னோட்டம் ஓடும்போதுதான் அந்தத் தடை தன்னைக் காட்டும். ஆகவே ஓமை அளக்காமல் வோல்ட்டை அளக்க வேண்டும்.

மீற்றரை டிசி 2 வோல்ட் அளவில் வையுங்கள். சிவப்புக் குச்சி ரெகுலேற்றரின் சிவப்பு வயர் வெளியே வரும் இடத்தில், கறுப்புக் குச்சி பற்றரியின் பிளஸ் ஈயத்திலேயே. கிளிப்பிலோ போல்ட்டிலோ வைக்க வேண்டாம், ஈயத்துக்கும் கிளிப்புக்கும் இடையிலும் கோளாறு இருக்கலாம். எஞ்சின் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும். ஒரே வயரின் இரண்டு முனைதானே, பூச்சியத்துக்குக் கிட்ட வர வேண்டும். 0.2 வரை பொறுக்கலாம். எனக்கு வந்தது 1.6.

பிறகு மைனஸ் பக்கம். பற்றரியின் மைனஸ் ஈயத்துக்கும் ரெகுலேற்றரின் பொடி வயருக்கும் இடையே 0.3. இரண்டையும் கூட்டினால் 1.9. காணாமல் போனது கணக்குக்கு வந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதி விளக்க முடியாது.

அக்சிலேற்றரைத் திருகிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அக்கா மகன்தான் உதவி. "மாமா, இன்னும் திருகட்டா?" என்று கேட்டுக் கேட்டு, ஒரே சுற்றில் அசையாமல் பிடித்தான். தனியாகச் செய்பவர்கள் ஐடில் திருகாணியை ஏற்றிவைத்துக்கொள்ளலாம். ஆனால் நின்றபடி ஓடினால் எஞ்சின் சூடேறும், கெதியாக முடியுங்கள்.

பகலில் ஏன் 13.6 காட்டியது என்பதற்கும் இப்போது கணக்கு வருகிறது. லைட் இல்லாதபோது ஓடுவது ஏறக்குறைய 2 அம்பியர். 35 வாட் ஹெட்லைட் எரிந்தால் இன்னும் 3 சேர்ந்து 5. தடை அதேதான், மின்னோட்டம் இரண்டரை மடங்கு, அதனால் வோல்ட் இழப்பும் இரண்டரை மடங்கு. பகலில் 0.76 போய் மீதி 13.6. இரவில் 1.9 போய் மீதி 12.5. முழுதாக ஏறிய பற்றரி சும்மா இருக்கும்போதே 12.7 காட்டும், அதற்குள் 12.5-ஐக் கொண்டு எதை ஏற்றுவது? ரெகுலேற்றரோ தன் வாசலில் 14.4 இருப்பதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று மிச்சத்தைப் பொடிக்குத் தள்ளிவிடுகிறது. அரைகுறைச் சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்து, இரண்டு நல்ல பற்றரி வீணாகிவிட்டது.

சிவப்பு வயரைப் பின்தொடர்ந்தேன். சீற்றுக்குக் கீழே, பின் மட்காட் ஓரமாக ஒரு கப்ளர், வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் கூடு. அதற்கு முன்னாலும் பின்னாலும் மீற்றரை வைத்தால் 1.6-இல் 1.5 அங்கேயே நிற்கிறது. 5 அம்பியரில் அது ஏழரை வாட். நகம் அளவு இடத்தில் ஏழரை வாட் சூடு! கழற்றினால் வெள்ளைப் பிளாஸ்டிக் தவிட்டு நிறமாகி உருகியிருக்கிறது, உள்ளே பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு. சூட்டில் முனையின் ஸ்பிரிங் பிடி தளரும். தளர்ந்தால் தடை கூடும். கூடினால் இன்னும் சூடு.

இங்கே இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். மழைக்காலத்தில் வாடைக் காற்று அடிக்கும்போது கடல் உப்பு வீட்டு ஜன்னல் கம்பியிலேயே படிகிறது, கப்ளர் எம்மாத்திரம். பிறகு கச்சான் காற்று தொடங்கி எல்லாம் காயும்போது அந்த உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கண்டேன், அதில்தான் எனக்கு உண்மையான கோபம். கப்ளரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயரின் உறையில் ஊசித் துளை. யாரோ சோதிக்கும்போது குத்தியிருக்கிறார்கள். அந்தத் துளை வழியாக உப்பீரம் இறங்கி, உள்ளே செப்பு நான்கு அங்குலத்துக்குக் கறுத்துப் போயிருக்கிறது. தயவுசெய்து உறையைக் குத்த வேண்டாம். தையல் ஊசியைக் கப்ளரின் பின்பக்கமாக, வயரை ஒட்டி உள்ளே செருகினால் உலோகத்தைத் தொடும். ஒரு சேதமும் இல்லை.

இப்போதைக்குக் கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ரெகுலேற்றரிலிருந்து பற்றரிக்குத் தனியாக ஒரு வயர் இழுத்திருக்கிறேன், நடுவில் 15 அம்பியர் பியூஸ். வயர் அந்தப் படகு அண்ணன் தந்தது. வெள்ளீயம் பூசிய செப்பு இழை, உப்புக்குச் சாதாரணச் செப்பை விட எவ்வளவோ தாங்கும். எங்கள் ஊரில் பைக் கடைகளில் அது இல்லை, படகுச் சாமான் விற்கும் இடத்தில் கேளுங்கள். ரப்பர் சீல் உள்ள கப்ளரும் முனைகளும் இங்கே கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போகும் நண்பனிடம், வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முனையைக் குறடால் நசுக்கிப் போட எனக்கு மனமில்லை, முனையை வயரோடு அளவாக அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் ஆயுதம் ஒன்றும் வாங்க வேண்டும். சோல்டர் பண்ணினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஈயம் இழைக்குள் ஏறி விறைத்து, அந்த விளிம்பில் அதிர்வுக்கு முறியும். பைக்கில் நான் செய்யமாட்டேன்.

புது வயரில் சிவப்புப் பக்க இழப்பு 0.1. ஹைபீமில் பற்றரியில் 14.0.

மைனஸ் பக்கத்து 0.3 இன்னும் அப்படியே இருக்கிறது. பிரேமில் பொடி போல்ட்டுக்குக் கீழே பெயின்ற் கிடக்கிறது, அதைச் சுரண்டி வாஸ்லின் பூச வேண்டும். ஹேண்டிலில் சின்ன வோல்ட் மீற்றர் ஒன்று பொருத்தும் எண்ணமும் உண்டு, அதற்கு இடம் அளந்தும் வைத்துவிட்டேன். ஆனால் முதலில் பொடி. சனிக்கிழமை அக்சிலேற்றர் பிடிக்க வருகிறேன் என்று மருமகன் சொல்லியிருக்கிறான்.